நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கையெழுத்து

புதுச்சத்திரம்
19.8.2024

அபிநயா சாமிக்கு அப்பா பச்சமுத்து எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கறேன்னு கேட்டா உனக்குக் கோவம் எச்சாகும், அதனால கேக்கல. "ஓடறத நிறுத்தற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க"ன்னு சொல்லிப்போட்டு வெச்சவ, பதினேழு நாளா எடுக்கல. நானும் ஏழெட்டு தடவ அடிச்சுப் பாத்துட்டேன். போன் பண்ணாதீங்கன்னுதானே சொன்ன, லெட்டர் போடாதீங்கன்னு சொல்லலியே. போஸ்டாபீசுக்குப் போயி கவர் கேட்டேன். அங்கிருந்த அம்மா, "ஏனுங்க, கேஸு ஏதாச்சும் நடக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சு. இப்பெல்லாம் அதுக்குத்தான் ஜனங்க கவர் வாங்குதாட்ட இருக்குது.

விசயத்துக்கு வாரேன். நிறுத்த மாட்டேன்.

இத எழுதத்தான் கவர் வாங்கினேன். ஒரு வரிக்கு ஒரு கவரான்னு தோணுச்சு, அதனால மிச்சத்தையும் எழுதறேன்.

போன வாரம் மொத்தம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். முப்பத்தொரு வருசம் முட்டை லோடு லாரி ஓட்டி, உக்காந்தே ஊரூராப் போனவன் நான். போன வருசம் ஜூன் மாசம் நான் இப்ப வேலை பாக்குற, லாரிய நிறுத்தி எடை போடற எடை மேடையில இருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஓடிப் பாத்தேன். மூணு லைட்டுக் கம்பம் தாண்டறதுக்குள்ள நெஞ்சு வாய்க்கு வந்திருச்சு. கம்பத்தப் புடிச்சுட்டு நின்னேன். டீக்கடையில சிரிச்சாங்க. அடுத்த நாள் நாலு கம்பம். இப்ப ஞாயித்துக்கிழமைன்னா சர்வீஸ் ரோட்டுலயே பதினாறு கிலோமீட்டர் ஒரே மூச்சுல போய்த் திரும்பறேன். டீக்கடையில இன்னமும் சிரிக்கறாங்க. "யாருக்குப் பயந்து ஓடற பச்சமுத்து?"ங்கறாங்க. சிரிக்கட்டும்.

இன்னொண்ணு. வர்ற பிப்ரவரி ரெண்டாந்தேதி சேலத்துல மாரத்தான் வெக்கறாங்களாம். நாப்பத்திரண்டு கிலோமீட்டர். உன்ற ஊர்லதான். நான் ஓடறதா இருக்கேன்.

சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்புடு.

அப்பா

—

அம்மாபேட்டை, சேலம்
27.8.2024

அப்பாவுக்கு,

நீங்க தபால்ல வந்தா நானும் தபால்ல வர்றேன். இதைப் பேச்சுவார்த்தைன்னு எடுத்துக்க வேண்டாம்.

நான் வேலை செய்யறது ஆஸ்பத்திரி லேப்ல. காலையில ஆறு மணிக்கு அவசரப் பிரிவுல இருந்து ரத்தம் வரும். "நெஞ்சு வலி, ஆண், ஐம்பத்தி நாலு"ன்னு ட்யூப்ல ஒட்டியிருக்கும். இந்த மாச ஆரம்பத்துல அப்படி ஒருத்தர். கிரவுண்டுல ஓடிட்டு இருந்தவரை அப்படியே தூக்கிட்டு வந்தாங்க. நான் ரிசல்ட்டை எடுத்துட்டு மேல போறப்ப படுக்கையில அவர் இல்ல. ஷூ மட்டும் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. அன்னைக்குத்தான் உங்களுக்குப் போன் பண்ணி நிறுத்துங்கன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. "எனக்கு என்ன ஆகப்போகுது"ன்னீங்க.

உங்களுக்கு ஐம்பத்தேழு வயசு. பிரஷர் இருக்கு. மாத்திரையை ஒரு நாள் போட்டா ரெண்டு நாள் மறந்துடுவீங்க. உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

அம்மா இருந்த வரைக்கும் நீங்க ரோட்டுலதான் இருந்தீங்க. அம்மா தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு விழுந்த அன்னைக்கும் ரோட்டுல. அம்மா விழுந்த மூணாம் நாள், எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து வாசல்ல நின்னீங்க. "இனிமே லாரி வேண்டாம், ஊட்டுலயே இருக்கறேன்"னு சொன்னீங்க. நான் நம்பினேன். இப்ப பார்த்தா மறுபடியும் ரோட்டுலயே நிக்கறீங்க. லாரி மட்டும்தான் இல்ல.

டிரெட்மில் டெஸ்ட் எடுங்க. எடுத்துட்டு, ஓடறதையும் நிறுத்துங்க.

அபிநயா

—

புதுச்சத்திரம்
9.9.2024

அபிக்கு,

நீ எழுதினது வாஸ்தவம். வாஸ்தவமா இருக்கறதுனாலதான் கோவம் வருது.

அத மடிச்சு பீரோவுல வெச்சுட்டுப் போயி ஓடினேன். மறுநாளும் ஓடினேன். லீவு விடற திங்கக்கெழமையும் ஓடினேன். இந்த வாரம் அறுபத்தொண்ணு. போன வாரம் முப்பத்தொம்பது. கூட ஓடற கோழிப்பண்ண சூப்பர்வைசர் நாச்சிமுத்து, "அண்ணா, இப்படி ஏத்துனா காலு போயிரும்"னான். போனாப் போகட்டும்னு சொல்லிட்டேன்.

நிறுத்துன்னு நீ எத்தன தடவ எழுதறயோ அத்தன கிலோமீட்டர் கூட ஓடுவேன்.

மாத்திரைய தினமும் போடறேன். அதுல பொய் இல்ல.

அப்பா

—

அம்மாபேட்டை
24.9.2024

அப்பாவுக்கு,

ராமாயி அத்தை போன் பண்ணாங்க. "எங்க தம்பி எடைமேடை படிக்கட்டுல ஒவ்வொரு படியா உக்காந்து எறங்கறான் அபி, என்னன்னு கேளு"ன்னு அழாத குறை. ஒரே ஊர்ல அக்கா இருக்காங்க, அவங்ககிட்டயும் "கல்லு தடுக்குச்சு"ன்னு சொல்லியிருக்கீங்க.

முழங்காலுக்குக் கீழ, முன் எலும்பு ஓரத்துல வலியா? விரலால அமுக்கினா ஒரே இடத்துல சுருக்குன்னு குத்துதா? எங்க எலும்பு டாக்டர்கிட்ட காரிடார்ல நிறுத்திக் கேட்டேன். முப்பத்தொம்பதுல இருந்து ஒரே வாரத்துல அறுபத்தொண்ணுன்னு சொன்னதும், "உங்க அப்பா என்ன வேலை செய்யறார்?"னு கேட்டார். லாரி டிரைவர்னேன். "காலி வண்டியில திடீர்னு ரெண்டு மடங்கு லோடு ஏத்துவாரான்னு கேளுங்க"ன்னார். கேட்டுட்டேன். பதில் எழுத வேண்டாம்.

மூணு வாரம் ஓடக் கூடாது. படம் எடுத்துப் பாக்கணும். அவர் எழுதிக் குடுத்த சீட்டை இதோட வெச்சிருக்கேன். நாமக்கல்லயே எடுக்கலாம்.

நீங்க ஓடறதுக்கு நான் ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க. நொண்டாம நடக்கணும், அவ்வளவுதான்.

அபிநயா

—

புதுச்சத்திரம்
14.10.2024

அபி சாமிக்கு,

படம் எடுத்தாச்சு. எலும்புல கீறல் இல்ல, அதுக்கு முந்தின கட்டம்னாங்க. உன்ற லெட்டர் வர்றதுக்கு முந்தியே வலி தாங்காம ஓட்டத்த நிறுத்தியிருந்தேன், மூணு வாரம் முடிஞ்சு நாலு நாளாச்சு. வலி இல்ல. நேத்து மூணு கிலோமீட்டர் மட்டும். டிரெட்மில் டெஸ்ட்டும் நாமக்கல்ல எடுத்தேன். நெஞ்சு பூரா ஒயர ஒட்டி மெஷின்ல ஏத்திவுட்டாங்க. டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு, "ஓடலாம், மாத்திரைய வுடாதீங்க, அவசரமா ஏத்தாதீங்க"ன்னுச்சு. ஜெராக்ஸ் வெச்சிருக்கேன், நீயே படி. எனக்குப் புரியறதவிட உனக்குப் புரியும்.

ஓடாத மூணு வாரத்துல ஒக்காந்து யோசிக்கறதுக்கு நெறையா நேரம் இருந்துச்சு. உங்கிட்ட மூணு வருசமாச் சொல்லாத ஒண்ண எழுதறேன்.

உங்கம்மா விழுந்த அன்னைக்கு நான் ஒடிசாவுல, பிரம்மபூருக்கு இந்தப் பக்கம். மழையில பாலம் உக்காந்துபோயி வண்டியெல்லாம் கிலோமீட்டர் கணக்குல நிக்குது. பைக்கு கூட நுழையல. உங்க அத்தை போன் பண்ணி, "முத்தாயா பேச்சு மூச்சில்லாம கெடக்கறாடா"ன்னுச்சு. ஸ்டேசன் பதினோரு கிலோமீட்டர். சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு மெட்ராஸ் வண்டின்னாங்க. கையில ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. வண்டிய இன்னொரு டிரைவர்கிட்ட ஒப்படைச்சுட்டு எறங்கி ஓடினேன்.

ஓட முடியல சாமி. இருநூறு அடி ஓடுவேன், நிப்பேன். வாந்தி எடுத்தேன். செருப்பு அறுந்துபோச்சு. ரெண்டு தடவ சேத்துல உழுந்தேன். ஸ்டேசனுக்குள்ள நான் போறப்ப கடைசிப் பொட்டி தெரிஞ்சுது. பிளாட்பாரம் முடியற வரைக்கும் தொரத்தினேன். மழைக்கு மத்த வண்டியெல்லாம் ரத்து, அடுத்த வண்டி மறுநா சாயங்காலம்தான். அதுலதான் வந்தேன்.

அந்தப் பதினோரு கிலோமீட்டர இப்ப ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள ஓடிருவேன்.

அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன். ஆனா அதுக்காகத்தான் இன்னைக்கும் ஓடறேன்னு நெனச்சுக்காத. அது பொய்யாயிரும். மொதல்ல ஆத்திரத்துல ஓடினேன். அப்புறம் எப்பன்னு தெரியல, எனக்கே புடிச்சுப்போச்சு. விடியறப்ப சோளக்காட்டு ஓரமா ஓடறப்ப என்ற மூச்சுச் சத்தம் எனக்கே கேக்குது. இந்த வயசுல எனக்குன்னு ஒண்ணு புடிச்சிருக்குது. அத உடச் சொன்னா உட மாட்டேன்.

ஒரு ஃபாரம் வெச்சிருக்கேன். மாரத்தானுக்கு அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இருந்தா ஊட்டு ஆளு ஒருத்தர் சம்மதம்னு கையெழுத்துப் போடோணுமாம். எனக்கு ஊட்டு ஆளுன்னா நீதான். டிசம்பர் பத்தாந்தேதிக்குள்ள அனுப்போணும்.

அப்பா

—

அம்மாபேட்டை
22.10.2024

அப்பா,

இதை ஏன் மூணு வருஷமா சொல்லல? பதினோராம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கு, எல்லார் முன்னாடியும், "இப்ப எதுக்கு வந்தீங்க?"ன்னு கேட்டேனே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே. தலையைக் குனிஞ்சுட்டு நின்னீங்க. நான் அதை என்னன்னு எடுத்துக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?

ரிப்போர்ட் பார்த்தேன். பரவாயில்ல. நல்லா இருக்குன்னு எழுத மாட்டேன், பரவாயில்ல.

ஃபாரத்தைத் திருப்பி அனுப்பறேன். கையெழுத்து போடல. காரணம் சொல்றேன்.

அன்னைக்கு அம்மாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோறப்ப என் கையில ஒரு சம்மத ஃபாரத்தைக் குடுத்தாங்க. "வீட்டு ஆளுங்க யாரு? உங்க அப்பா எங்க?" வர்றார்னு சொன்னேன். "நேரம் இல்லம்மா, நீங்களே போடுங்க"ன்னாங்க. மூணு இடத்துல போட்டேன். என்ன நடந்தாலும் சம்மதம்னு ஒரு வரி இருந்துச்சு, அதுக்குக் கீழயும் போட்டேன். எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசு. அம்மா திரும்பி வரல. போடாம இருந்திருந்தா என்னன்னு இப்பவும் சில நாள் நினைப்பேன். தப்புன்னு தெரியும். லேப்ல வேலை செய்யற எனக்கே தெரியும், அந்த ரத்தக்கசிவுக்கு யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. ஆனா அந்தக் கை என் கைதானே.

இன்னொரு தடவை அதே கையால இன்னொரு ஃபாரம் போட மாட்டேன். என்னைக் கேக்காதீங்க.

அபிநயா

—

புதுச்சத்திரம்
19.11.2024

அபி சாமிக்கு,

உன்ற லெட்டருக்கு நாலு தடவ பதில் எழுதி நாலையும் கிழிச்சேன். நீ ஒத்தையா நின்னு மூணு கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த ஃபாரத்த அனுப்பியிருக்க மாட்டேன். மன்னிச்சுக்க.

இப்ப, உன்னப் பொண்ணு பாக்க வந்த ஞாயித்துக்கிழமை நடந்ததப் பத்தி. ஒரே ஊட்டுக்குள்ள இருந்தும் நீ, "அத்தை, அப்பாவக் காப்பி குடிக்கச் சொல்லுங்க"ன்னு ராமாயி அக்கா வழியாவே பேசின. பொண்ணு பாக்க வந்தவங்க கவனிச்சாங்களோ என்னமோ.

ஒம்பது மணிக்குன்னு சொன்னவங்க ஏழே முக்காலுக்கே வருவாங்கன்னு நான் கண்டனா? நான் பதினெட்டு கிலோமீட்டர் முடிச்சு சர்வீஸ் ரோட்டுல வந்துட்டு இருக்கேன். கார நிறுத்தி ஒரு பெரியவர், "இங்க டிரைவர் பச்சமுத்து வீடு எதுப்பா?"ன்னாரு. "நான்தானுங்க"ன்னேன். மாப்பிள்ளை இளவழகனோட பெரியப்பா குமரகுருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவரு என்ற டவுசரப் பாத்தாரு, வேர்வையப் பாத்தாரு, கார்க் கண்ணாடிய ஏத்திட்டாரு.

நேத்து கெங்கவல்லியில இருந்து அக்காவுக்குப் போன் வந்துச்சு. பொண்ணு புடிச்சிருக்குதாம். மாப்பிள்ளை ஆத்தூர்ல பேங்குல வேலை, நல்ல மனுசங்கன்னு அக்கா சொல்லுது. ஒண்ணே ஒண்ணுதானாம். "சம்பந்தி அரை டவுசரோட ஹைவேஸ்ல ஓடறார்னா எங்க பக்கம் சிரிப்பாங்க. அதை நிறுத்திக்கச் சொல்லுங்க, மத்ததப் பேசலாம்"னு குமரகுரு சொன்னாராம்.

நான் நிறுத்திக்கறேன் அபி.

நீ சொல்லி நிறுத்தாதவன் இவங்க சொல்லி நிறுத்தறானேன்னு நெனைக்காத. உன்ற வாழ்க்கைக்கு நான் குறுக்க நிக்கக் கூடாது. ஒருக்கா வர வேண்டிய நேரத்துக்கு வராமப் போயிட்டேன். ஷூவ பரண்மேல போட்டாச்சு. இன்னைக்கு ஓடல.

அப்பா

—

அம்மாபேட்டை
25.11.2024

அப்பா,

பரண்ல இருந்து ஷூவை எடுங்க. நிறுத்தக் கூடாது.

உங்க லெட்டரைப் படிச்சுட்டு நேரா இளவழகனுக்குப் போன் பண்ணேன். அத்தை நம்பர் குடுத்திருந்தாங்க. "எங்க அப்பா ஓடறது உங்களுக்குப் பிரச்சினையா?"ன்னு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லங்க, பெரியப்பாதான்"னார். "அப்ப பெரியப்பாகிட்ட சொல்லுங்களேன்"னேன். "பெரியவங்க ஒண்ணு சொன்னா கேட்டுட்டுப் போயிடலாமே, எதுக்கு வம்பு? அப்புறம், உங்க வேலை நேரம் பத்தியும் பெரியப்பா ஏதோ பேசணும்னார்"னு சொன்னார்.

எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு. இன்னைக்கு உங்க டவுசர். நாளைக்கு என் வேலை. அப்புறம் நான் சிரிக்கற சத்தம். வேண்டாம்னு மரியாதையாவே சொல்லி வெச்சுட்டேன். அத்தை என் மேல கோவமா இருப்பாங்க, நான் பேசிக்கறேன். உங்களால போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. என்னாலதான் போச்சு, நான்தான் போக விட்டேன்.

இன்னொண்ணையும் தெளிவா எழுதிடறேன். உங்களை நிறுத்தச் சொல்ற உரிமை இந்த உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கு. கார்ல வந்து கண்ணாடியை ஏத்தறவங்களுக்கு அதை நான் குடுக்கல. அவங்க சொன்னாங்கன்னு நீங்க ஷூவைக் கழட்டிட்டீங்கன்னு படிச்சப்ப எனக்கு வந்த கோவம், நீங்க ஓடறீங்கன்னு வந்த கோவத்தைவிட ரொம்பப் பெருசு.

நிறுத்தின ஆறு நாளை விட்டுடுங்க. வேற ஃபாரம் வாங்க வேண்டாம். நான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி கையெழுத்து போட்டிருக்கேன். மலர்விழி, என்கூட ரூம்ல இருக்கறவ, தாளைப் புடிச்சுக்கிட்டா. எழுத்து கோணலா இருக்கும், அது என் கையெழுத்துதான்.

சும்மா போடல. ஒரு வாரத்துக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது. நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைக்கணும். எலும்பு டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எழுதறேன். மாத்திரை. திங்கட்கிழமை ஓய்வு. கோவத்துல ஒரு கிலோமீட்டர் கூட ஓடக் கூடாது. கோவம் வந்தா லெட்டர் எழுதுங்க.

அபிநயா

—

புதுச்சத்திரம்
20.1.2025

அபி சாமிக்கு,

ரெண்டு மாசமா கார்டுலயே ரெண்டு வரி எழுதிட்டு இருந்தேன். இது கொஞ்சம் பெருசு.

நீ சொன்ன கணக்குலதான் ஏத்தினேன். நாப்பது, நாப்பத்தி நாலு, நாப்பத்தெட்டு, அப்புறம் எறக்கி முப்பத்தஞ்சு. மறுபடி விட்ட எடத்துல இருந்து நாப்பத்தொம்பது, அம்பத்திரண்டு, அம்பத்தாறு. உடம்பு இன்னும் வேணும்னு கேக்கும். குடுக்க மாட்டேன். ஓடறதவிட ஓடாம இருக்கறதுக்குத்தான் வீம்பு எச்சா வேணும்னு இப்பத்தான் தெரியுது. திங்கக்கெழமை காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்திரும். கட்டல்லயே காலு ரெண்டும் ஆடும். எந்திரிக்க மாட்டேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை முப்பது கிலோமீட்டர். நாச்சிமுத்து பைக்குல தண்ணியோட கூட வந்தான். இருபத்தஞ்சுக்கு மேல தொடை கல்லாட்ட ஆயிருச்சு. முடிச்சுட்டு ரோட்டோரத்துலயே மல்லாக்கப் படுத்துட்டேன். ஒரு லாரிக்காரன் வண்டிய நிறுத்தி ஓடியாந்து, "அய்யா, அய்யா"ன்னு உலுக்கினான். சும்மா படுத்திருக்கேன்பான்னு சொன்னதுக்குத் திட்டிட்டுப் போனான்.

ஊர்ல பேச்சு மாறல. பொண்ணு சம்பந்தமே இவனாலதான் போச்சுன்னு ஒரு பேச்சு இருக்குது. அக்கா ரெண்டு வாரம் பேசல. போன வாரம் அதுவே கேப்பக்களி கிண்டி எடுத்துட்டு வந்து, "ஓடறவனுக்குத் தெம்பு வேணுமில்ல"ன்னு வெச்சுட்டுப் போச்சு.

பயமா இருக்குது அபி. முப்பதுக்கும் நாப்பத்திரண்டுக்கும் நடுவுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆறு மணி நேரத்துல முடிக்கோணும். நீ வருவியான்னு கேக்கல. அன்னைக்கு உனக்கு டூட்டியா இருக்கும்.

அப்பா

—

அம்மாபேட்டை
5.2.2025

அப்பா,

மூணு நாளா போன்ல பேசிட்டுத்தான் இருக்கோம். உங்க காலு எப்படி இருக்குன்னு கேட்டேன், பெருவிரல் நகம் போச்சுன்னு சொன்னீங்க, நான் திட்டினேன். எல்லாம் ஆச்சு. ஆனா சிலதை போன்ல சொல்ல வாய் வர மாட்டேங்குது. எழுதிப் பழகிடுச்சு.

ஞாயிற்றுக்கிழமை டூட்டியை மாத்திட்டுத்தான் வந்தேன். ஒன்பது மணியில இருந்து முடியற இடத்துல நின்னேன். உங்க வயசுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. அஞ்சரை மணி நேரம் ஆச்சு. ஆறு ஆச்சு. மைக்குல ஒருத்தர், "அனைவரும் வந்துவிட்டார்கள், நன்றி"ன்னார். "வரல!"ன்னு கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பெரிய பலூன் வளைவுல இருந்து காத்தை இறக்கிட்டு இருந்தாங்க. ஒரு பொண்ணு வந்து, "கவலைப்படாதீங்க அக்கா, மிச்சம் இருக்கறவங்களை வேன்ல கூட்டிட்டு வந்துடுவாங்க"ன்னுச்சு. எங்க அப்பா வேன்ல வர மாட்டார்னு எனக்குத் தெரியும்.

நீங்க வர்ற வழியில எதிர்ப்பக்கமா நடக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச தூரம் நடந்தேன், அப்புறம் ஓடினேன். சுடிதாரும் செருப்புமா. எனக்கு ஓட்டம் வரல, எனக்கு அதுல ஆசையும் இல்ல. இருநூறு அடிக்கே மூச்சு வாங்குச்சு. அந்த இருநூறு அடியிலதான் எனக்கு உங்க ஒடிசா ஞாபகம் வந்துச்சு.

ஜங்ஷன் ரோட்டுல உங்களைப் பார்த்தேன். வலது தொடையைக் கையால புடிச்சுக்கிட்டு நடந்து வந்தீங்க. பின்னாடியே வேன் ஊர்ந்து வந்துச்சு. உள்ள இருந்த ஒரு அம்மா, "ஏறுங்கய்யா, டைம் முடிஞ்சுபோச்சு, மெடல் குடுக்க மாட்டாங்க"ன்னாங்க. நீங்க திரும்பிக் கூடப் பாக்காம, "முப்பத்தொரு வருசம் வண்டியிலதான் போனேன் அம்மிணி. இன்னைக்கு வேண்டாம். நீங்க முன்னாடி போங்க"ன்னீங்க. அதுக்கப்புறம்தான் என்னைப் பார்த்தீங்க. "இன்னும் எவ்வளவு தூரம்?"னு கேட்டீங்க. நான், "ரெண்டே கால்"னேன். அப்ப நீங்க அழுதீங்களா, வேர்வையான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் மாட்டேன்.

சொல்ல நினைச்சது இதுதான். அந்த ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில எனக்கு யாரும் இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப அந்த ரெண்டு நாளை நினைச்சுப் பாக்கறப்ப, மழையில ஒருத்தர் செருப்பு இல்லாம என்னை நோக்கி ஓடிவந்துட்டு இருக்கார். வந்து சேரல. ஆனா வந்துட்டு இருந்தார். எனக்கு அது போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்லாம இருந்த மூணு வருஷம் வேற மாதிரி இருந்துச்சு.

நகத்துல தண்ணி படாம பாத்துக்கங்க.

அபிநயா

—

புதுச்சத்திரம்
12.2.2025

அபி சாமிக்கு,

லெட்டரப் படிச்சேன். ரெண்டு தடவ. நீ ஊட்டுக்கு வந்தா எதுத்தாப்புல ஒக்காந்துக்கறேன், அதுதான் எனக்குத் தெரிஞ்ச பதில்.

மாரத்தான்காரங்க ரிசல்ட் போட்டுட்டாங்களாம். நாச்சிமுத்து போன்ல தேடிக் காட்டினான். முடிச்சவங்க பட்டியல்ல என்ற பேரு இல்ல. முடிக்காதவங்கன்னு தனியா ஒரு பட்டியல், அதுல பதினாலாவதா இருக்கேன். "ஆறு மணி நேரம் அம்பத்திமூணு நிமிசத்துல முடிச்சாரே, போன் பண்ணிக் கேப்பமா அண்ணா?"ன்னான். வேண்டாம்னுட்டேன். அவங்க சட்டம் அவங்களுக்கு. நான் முடிச்சது எனக்குத் தெரியும். கடைசி ரெண்டே கால் கிலோமீட்டர் கூட நடந்தவளுக்கும் தெரியும். வளைவே இல்லாத ரோட்டுல, கூட்டிப் பெருக்கிட்டு இருந்தவங்க ரெண்டு பேரு வெளக்கமாத்தக் கீழ வெச்சுட்டுக் கை தட்டுனாங்களே, அவங்களுக்கும் தெரியும்.

டீக்கடையில, "என்ன பச்சமுத்து, தோத்துப்போயி வந்துட்டியாமே"ன்னாங்க. ஆமான்னேன். "அப்ப இனி நிறுத்திருவ"ன்னாங்க.

எலும்பு டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டு எழுது. ஆறு மணி நேரத்துக்குள்ள முடிக்கோணும்னா வாரத்துக்கு எழுவது வேணும்னு நாச்சிமுத்து சொல்றான். இப்ப ரெண்டு வாரம் நடை மட்டும். மார்ச்சு மொதல் வாரம் இருவதுல ஆரம்பிச்சு, நாலு நாலா ஏத்தி, நடுவுல எறக்கி, அவசரமில்லாம எழுவதுக்குப் போகப்போறேன். அடுத்த வருசத்துக்கும் ஊட்டு ஆளு கையெழுத்து வேணும்.

நீ கோவிச்சுக்கறதுன்னா இப்பவே ஆரம்பிச்சுரு சாமி. டிசம்பருக்குள்ள தீந்துரும்.

அப்பா